மூணாவது ஊசிக்கு வாக்கு

கீழப்பத்துக் கிழடுகள் மூன்றாவது கொரோனா ஊசியைப் பற்றி எந்த டாக்டரையும் கேட்பதாக இல்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை சுடலைமாடனுக்குக் கொடை விழா. அன்றைக்கு உச்சிவேளையில் சாமி இறங்கி வாக்குச் சொல்லும். போடு என்றால் போடுவது, வேண்டாம் என்றால் அத்தோடு விட்டது. தெருவில் அறுபதைத் தாண்டியவர்கள் முப்பத்தொரு பேர். முதல் இரண்டு ஊசியையும், போடாவிட்டால் ரேஷன் கிடையாது, நூறுநாள் வேலை கிடையாது என்று கிளம்பிய புரளிக்குப் பயந்து போட்டிருந்தார்கள். இப்போது அந்தப் பயமும் விட்டுப்போயிற்று. நோய் ஓய்ந்து கிடக்கிற நேரத்தில் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன் என்றார் ஆடு மேய்க்கிற பிச்சைக்கண்ணு. எழுபத்தைந்து வயது, இழுப்பு நோய். ஊசி முதலில் வேண்டியது அவருக்குத்தான்.

சாமி யார் மேல் இறங்கும் என்பதில்தான் வடிவம்மாளுக்கு வயிறு எரிந்தது. அவள் புருஷன் சங்கிலிபூதத்தான் மேல்தான் இறங்கும். நாற்பது வருஷமாக அவர்தான் சாமியாடி. வயது எழுபத்திரண்டு. மற்ற நாளெல்லாம் வாழைத்தோப்பில் மடை திறந்துவிட்டு, சருகு அறுத்து, கூலி வாங்கிவருகிற மனுஷர். கொடையன்று மட்டும் தோப்புக்குச் சொந்தக்காரரான காந்திமதிநாதன் பிள்ளையே மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நிற்பார். அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மனுஷர் மிச்ச நாளை ஓட்டியது. கொரோனாவில் இரண்டு வருஷம் கொடை நின்றுபோனதில் ஆள் பாதியாக வற்றியிருந்தார்.

அவர்களுடைய ஒரே மகன் சுடலைராஜ் செத்ததும் அந்தச் சாமியாடி வாயால்தான். முந்தின வருஷம் பங்குனி உத்திரம். நெல்லைச் சீமையில் எந்த மூலைக்குப் பிழைக்கப் போனவனும் அன்றைக்குக் குலசாமி கோயிலுக்கு வந்துவிடுவான். பொங்கல் பொங்கிப் படையல் போட்டதும் சங்கிலிபூதத்தானுக்கு அருள் வந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேலே உள்ளவர்களுக்கு வியாழக்கிழமையிலிருந்து ஊசி என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். சுடலைராஜுக்கு நாற்பத்தாறு. போடவா என்று கும்பிட்டுக்கொண்டே கேட்டான். "எங்காவல் இருக்கையில உனக்கு ஊசி எதுக்குலே" என்றது சாமி. திருநீறு பூசிவிட்டது.

சித்திரையில் பக்கத்து ஊர்களில் ஒன்று இரண்டு என்று சாவு விழ ஆரம்பித்தது. அவனுக்கு மனசு கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிறார்கள் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவனை வடிவம்மாள்தான் வாசலில் மறித்தாள். சாமி வாக்கை மீறினால் குடும்பத்துக்கு ஆகாது, சட்டையைக் கழற்று என்றாள். நல்ல பிள்ளை, கழற்றினான். வைகாசி பிறந்து நாலாம் நாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவன் பன்னிரண்டாம் நாள் பிளாஸ்டிக்கில் சுற்றிய பொதியாகச் சுடுகாட்டுக்குப் போனான். முகத்தைக் காட்டவில்லை. மருமகள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய்த் தாய் வீட்டில் இருந்தபடி ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். போனில்கூடப் பேசுவதில்லை.

இவ்வளவுக்கும் வடிவம்மாள் புருஷனை ஒரு சொல் சொன்னதில்லை. அவர் என்ன செய்வார், சாமி சொன்னது. அவளுடைய ஆங்காரமெல்லாம் சுடலை மேல்தான். சோறு வடிக்கும்போதும் திட்டினாள், வாழைமட்டையைக் கிழிக்கும்போதும் திட்டினாள். அவளுக்கு நார் கிழிக்கிற வேலை. தார் வெட்டிய பிறகு தோப்பில் சாய்ந்து கிடக்கிற மரங்களிலிருந்து மட்டையை உரித்துக்கொண்டு வந்து, காயவைத்து, ஊசிமாதிரி கிழித்து, முடிச்சு முடிச்சாகக் கட்டிப் பூக்கடைகளுக்குக் கொடுத்துவிடுவாள். திருநெல்வேலி டவுனில் அம்மன் கழுத்தில் கிடக்கிற மாலையில் பாதி அவள் நாரில் கட்டியது. எந்தச் சாமிக்கும் அவள் கையால் ஒரு குறையும் வந்ததில்லை.

கொடைக்கு ஆறு நாள் இருக்கையில், சனிக்கிழமை காலையில் கிராம நர்ஸ் பிரேமலதா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். தெருவில் ஒரு வீடு விடாமல் கேட்டு அலுத்துப்போய் வந்திருந்தாள். சாமி சொல்லட்டும் என்று எல்லாரும் சொல்லிவைத்த மாதிரிச் சொன்னால் அவளும்தான் என்ன செய்வாள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் முகாம், சாமியாடித் தாத்தாவே முதலில் வந்து கையைக் காட்டிவிட்டால் ஊரே பின்னால் வந்துவிடும் என்று கெஞ்சினாள். செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டப் போகிறேன், கட்டிவிட்டால் உடம்பில் ஊசி முனை ஏறக்கூடாது என்றார் அவர். அதற்குத்தானே ஞாயிற்றுக்கிழமை என்கிறேன் என்றாள் அவள். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். சாயங்காலம் பூக்கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

நார் கிழித்துக்கொண்டிருந்த வடிவம்மாளுக்கு அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இரண்டாவது ஊசி போட்டபோது புருஷன் நாலு நாள் காய்ச்சலில் எழுந்திருக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டால் வியாழன் வரை படுக்கை. செவ்வாய்க்கிழமை காப்புக் கட்ட முடியாது. சாமியாடி முடியாமல் படுத்தால் பங்காளி வீட்டுப் பிள்ளை ஆடவேண்டும். கொழுந்தன் மகன் பேச்சிராஜ் எப்போது எப்போது என்று இருக்கிறான். சுமை ஆட்டோ ஓட்டுகிறவன், ஊசி அத்தனையும் போட்டவன், ஊருக்குக் கெட்ட வாக்குச் சொல்லமாட்டான். ஊர்க் கிழடுகள் பிழைக்கட்டும் என்ற எண்ணம் அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அது ஒரு பங்குதான். மிச்சம் மூன்று பங்கு பழி. என் பிள்ளையைத் தின்ற சுடலை இந்த வீட்டு உடம்பில் இனி ஒரு தடவை ஏறக்கூடாது, வாசலில் நின்று ஏமாந்து போகட்டும் என்று நினைத்தாள். நினைக்கவே நாக்கில் ருசித்தது.

பூக்கட்டுவது வீட்டுப் பொம்பளை. ஒரு வெற்றிலையில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. இரண்டையும் ஒன்றுபோல மடித்து, நாரால் ஒன்றுபோல முடிந்து, சுடலை பீடத்தின் காலடியில் போட்டுவிட்டு விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததைத்தான் பிரிப்பது. எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்காமல் வாய்க்காலில் போட்டுவிட வேண்டும். கல்யாணம், நிலம், பிரசவம் என்று எதற்கும் அப்படித்தான். இதில் யாரும் கள்ளம் செய்ததாக அந்த ஊரில் கேட்டதில்லை. சாமியிடம் கள்ளம் செய்ய எவளுக்கு நெஞ்சு வரும்?

வடிவம்மாளுக்கு வந்தது. இரண்டு வெற்றிலையிலும் நந்தியாவட்டையை வைத்து முடிந்தாள். பக்கத்து வீட்டுச் சிறுமி வலது பக்கத்துப் பொட்டணத்தை எடுத்தாள். வெள்ளை. சங்கிலிபூதத்தான் பீடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசி போட்டுக்கொண்டார். பிரேமலதாவுக்கு வாயெல்லாம் பல். ஆனால் அவள் நினைத்தபடி ஊர் பின்னால் வரவில்லை. அது அவருக்கு விழுந்த பூ, நமக்கு வெள்ளிக்கிழமை வாக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். வடிவம்மாள் காய்ச்சலுக்குக் காத்திருந்தாள். சாயங்காலம் சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் காபி வைத்தாள், காய்ச்சல்காரனுக்கு வைக்கிற காபி. அவர் அதைக் குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டார். திங்கள்கிழமை விடிந்ததும் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள், ஆற்றங்கல்லாகக் குளிர்ந்து கிடந்தது. அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். மகன் போன பிறகு அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. விரதத்துக்கு முந்தின நாள் என்று நெத்திலிக் கருவாடு சுடச் சொல்லி, பழைய சோற்றை வழித்துத் தின்றுவிட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடை பார்க்கப் போனார். கேடு கெட்ட உடம்பு, வரவேண்டிய நேரத்தில் ஒரு காய்ச்சல்கூட வரவில்லையே என்று வடிவம்மாள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டியாயிற்று.

வெள்ளிக்கிழமை உச்சிக்கொடை. வெயில் மண்டையைப் பிளந்தது. நையாண்டி மேளம் ஏறுமுகத்தில் போக, இடுப்பில் சலங்கைச் சல்லடம் கட்டி, குல்லாய் வைத்து, கையில் வல்லய ஈட்டியோடு சங்கிலிபூதத்தான் இறங்கினார். எழுபத்திரண்டு வயதுக்கால் தரையில் பாவவில்லை. கமுகம்பூவை முகத்தில் அறைந்துகொண்டு ஆடினார். குலவைச் சத்தத்துக்கு நடுவே பிச்சைக்கண்ணு இழுப்போடு முன்னால் வந்து, எல்லாருக்குமாகக் கேட்டார். போடவா, வேண்டாமா? வடிவம்மாள் கூட்டத்தின் கடைசியில் நின்றாள். வேண்டாம் என்றால் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போவது என்று குனிந்து ஒரு பிடி எடுத்தும் வைத்திருந்தாள்.

"போட்டுக்கிடுங்க" என்றது சாமி. "ஒருத்தர் விடாம எல்லாரும் போட்டுக்கிடுங்க. நான் காவல் இருக்கேம்லா."

கூட்டம் குலவையிட்டது. பிச்சைக்கண்ணு அழுதுவிட்டார். வடிவம்மாளின் கைமண் விரலிடுக்கு வழியாகக் கீழே போயிற்று. முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு நடக்கிற வழியில் அந்த நிம்மதி புளிக்க ஆரம்பித்தது. ஊரான் பெற்ற கிழட்டுக் கட்டைகளுக்கெல்லாம் போடு என்று சொல்லத் தெரிந்த சாமிக்கு என் பிள்ளைக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? நாற்பத்தாறு வயதுக்காரனுக்கு இல்லாத இரக்கம் எழுபத்தைந்துக்கு எங்கேயிருந்து வந்தது? இரண்டு நாள் அந்தக் கேள்வியைத்தான் மென்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பாயில் சாய்ந்திருந்தார். கொடை முடிந்த அலுப்பு. கால் இரண்டும் வீங்கியிருந்தது, காதோரத்தில் பூசின மஞ்சணைச் சாந்து காய்ந்து ஒட்டியிருந்தது. எட்டாம் நாள் நடக்கிற எட்டாங்கொடை கழியும்வரை காப்பு அவிழ்க்கக்கூடாது என்பதால் கையில் மஞ்சள் கயிறு இருந்தது. வடிவம்மாள் நார் கிழித்தபடியே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"பூ ரெண்டும் வெள்ளைதான் வச்சேன்."

"தெரியும்" என்றார் அவர். "வாய்க்கால்ல போடும்போது பிரிச்சுப் பாத்தேன்."

அவள் கை நின்றது. "தெரிஞ்சுமா போட்டிய?"

"புள்ளையத்தான் வாரிக் குடுத்தாச்சு, இவராவது இருக்கட்டும்னு நெனச்சிருக்கா, போட்டுட்டுப் போவோம்னு போட்டேன்."

அவர் அதைச் சொன்னபோது முகத்தில் ஒரு வெட்கம்கூட இருந்தது, புது மாப்பிள்ளை மாதிரி. அந்த வெட்கம்தான் வடிவம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அதை அப்படியே விட்டிருக்கலாம். விட அவளுக்கு மனசில்லை.

"நீங்க இருக்கணும்னு வைக்கல. காச்சல்ல கெடக்கணும்னு வச்சேன். அந்தச் சவம் உங்க மேல வந்து இன்னொரு தடவ ஆடக் கூடாதுன்னு வச்சேன்."

வெளியே மேளக்காரர்கள் மிச்சக் கூலிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள்தான் மறுபடியும் பேச்சை எடுத்தாள். முந்தாநாள் எல்லாரையும் போடச் சொன்ன சாமி அன்றைக்கு எம் பிள்ளையை மட்டும் ஏன் வேண்டாம் என்றது, நீங்கள் அதன் வாய்தானே, கேட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

"முந்தாநாளும் சாமி வரலட்டி."

"அப்பம் சொன்னது யாரு?"

"நாந்தான். எம்மேல சாமி வந்து பத்து வருசம் இருக்கும். காலு ஆடும், வாயி பேசும், அது வராது. யார்ட்ட போய்ச் சொல்ல?"

வடிவம்மாள் நாரைக் கீழே வைத்தாள். அடுத்த கேள்வியை அவள் கேட்கவேண்டியிருக்கவில்லை. அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். தேங்கிக் கிடந்த தண்ணீர் மடையைத் திறந்ததும் சகதியோடு வருகிற மாதிரி வந்தது. அந்தப் பங்குனியில் காந்திமதிநாதன் பிள்ளையின் தோப்பில் முந்நூறு தார் வெட்டுப் பக்குவத்தில் நின்றது. கோடைக்காற்று ஒரு அடி அடித்தால் மரத்தோடு சாயும். நாலு நாளில் வெட்டி லாரியில் ஏற்றித்தருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். சுமக்க இருந்த ஆட்களில் சுடலைராஜ் ஒருவன்தான் நின்று சுமக்கிறவன்.

"ஊசி போட்டா ரெண்டு நாள் காச்சல்ல படுத்துருவான்னாவ. வெட்டு முடியட்டும், பெறவு போட்டுக்கிடட்டும்னு நெனச்சேன். அவன் கேட்டதும் வாயில வந்துட்டு."

"பெறவு சொல்லியிருக்கலாம்லா?"

"சாமி வேண்டாம்னதை நான் எப்படிட்டி போடுன்னு மாத்த? ஊரு என்ன கேக்கும்?"

ஊர் என்ன கேட்கும். அதற்காக ஒரு மாசம் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். மகன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது இந்த மனுஷர் வீட்டுக்குள்ளேதான் இருந்தார், இவள் வாசலை மறித்ததைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு செருமல் செருமியிருந்தால் போதும். வடிவம்மாளுக்கு அப்போது அந்தச் சட்டைதான் கண்ணில் நின்றது. சாமிக்குப் பயந்து பிள்ளையைத் தடுத்தேன் என்று ஒன்றேகால் வருஷமாகத் தன்னைத் தானே தேற்றிக்கொண்டிருந்தாள். இல்லை, முந்நூறு வாழைத்தாருக்காகத் தடுத்திருக்கிறாள். சுடலையை நினைத்ததும் பாவமாக இருந்தது. செய்யாத கொலைக்கு அவள் வாயில் அத்தனை வசவு வாங்கியிருக்கிறான். அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு உலை வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க விரதச் சோறு நேரத்துக்குக் கிடைத்தது. பேச்சுத்தான் கிடைக்கவில்லை. அந்த ஞாயிறும் புதனும் முகாம் நடந்து, பிச்சைக்கண்ணுவில் ஆரம்பித்து மிச்சமிருந்த முப்பது பேரும் ஊசி போட்டுக்கொண்டார்கள். பிரேமலதா வந்து, உங்கள் வீட்டுச் சாமியால்தான் எல்லாரும் வந்தார்கள் என்று சொல்லி, அந்த முப்பதில் ஒருத்தியான வடிவம்மாளுக்கும் போட்டுவிட்டாள். அவள் கையைக் காட்டினாள். சொன்னது சாமி இல்லை என்று அதற்குள் வெளியே தெரிந்தால் ஒருவரும் கை நீட்டமாட்டார்கள்; ஒருவர் விடாமல் போட்டு முடிக்கட்டும் என்றுதான் அவளும் காத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் சங்கிலிபூதத்தான் மெல்லக் கேட்டார். நாளைக்கு எட்டாங்கொடை, நான் முடியவில்லை என்று சொல்லிக் காப்பை அவிழ்த்துப் பேச்சிராஜிடம் கொடுத்துவிடுகிறேன், எனக்குப் போதும் என்றார். அவள் சோற்றை அவர் இலையில் தள்ளினாள்.

"அவுக்கக் கூடாது. நீங்கதான் ஆடணும். நாளைக்கு நான் முன்னால வந்து கேப்பேன், எம் பிள்ள ஏன் செத்தான்னு. எல்லாருக்கும் வாக்குச் சொல்லுதிய, எனக்கும் சொல்லுங்க."

"ஊருக்கு முன்னாலயா?"

"நீங்க ஊருக்கு முன்னாலதான அவனுக்குச் சொன்னிய?"

"பொய் சொல்லச் சொல்லுதியா, நெசத்தைச் சொல்லச் சொல்லுதியா?"

"அது உங்க இஷ்டம்" என்றாள் வடிவம்மாள். "நாளைக்கு விட்டா அடுத்த வருசம் கேப்பேன். அதுக்கு அடுத்த வருசமும் கேப்பேன். நீங்க நூறு வயசு இருக்கணும். நான் சொடலைட்ட வேண்டிக்கிடுதேன்."

அவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

எட்டாங்கொடைக்குக் கூட்டம் இராது. பங்காளி வீடுகளும் தெரு ஆட்களும்தான். ஒரு மேளம், ஒரு நாயனம். வெள்ளிக்கிழமை உச்சியில் தீபாராதனை ஆனதும் சங்கிலிபூதத்தான் இறங்கினார். கால் முந்தின வாரம் போல இல்லை, இழுத்தது. பிச்சைக்கண்ணுக்குத் திருநீறு கொடுத்தார், பேச்சிராஜுக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு வடிவம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பீடத்துக்கு நேர் முன்னால் வந்து நின்றாள். மகன் செத்த பிறகு அவள் சாமி முன்னால் வந்து கேட்பது இதுதான் முதல் தடவை என்று எல்லாருக்கும் தெரியும். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"எம் பிள்ள ஏன் செத்தான்?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. கைகூப்பித்தான் கேட்டாள்.

வாக்குக் கேட்டு ஒருவர் முன்னால் நின்றுவிட்டால், பதில் வரும்வரை மேளம் நிற்கக்கூடாது. நின்றால் சாமி பாதியில் மலையேறிவிடும், கேட்டவர் குடும்பத்துக்கு ஆகாது. மேளக்காரர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார். சங்கிலிபூதத்தான் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தக் கண்ணில் சாமி இல்லை, கிழவர்தான் இருந்தார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடியும் குதித்தார். வல்லயத்தை ஊன்றி ஊன்றிக் குதித்தார். குல்லாய் கழன்று விழுந்தது. சாமி பிள்ளையை நினைத்துக் கலங்குகிறது என்று பிச்சைக்கண்ணு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

நேரம் போயிற்று. வேட்டி நனைந்து தொடையில் ஒட்டிக்கொண்டது, மூச்சு வாய்வழியாக இரைந்தது. பேச்சிராஜ் தாங்கிப் பிடிக்கப் போனான். பிறகு வடிவம்மாள் பக்கத்தில் வந்து, பெரியப்பாவுக்கு முடியவில்லை, மேளத்தை அமர்த்தச் சொல்லவா என்று கேட்டான். இன்னும் அவளுக்கு வாக்கு வரவில்லை; கேட்டவள் சம்மதித்தால்தான் அமர்த்தலாம்.

வடிவம்மாள் கூப்பிய கையை இறக்கவில்லை. புருஷன் மேலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"வரட்டும். எனக்கு ஒரு சோலியும் இல்ல" என்றாள். "அடிக்கச் சொல்லு."